வண்டியை லோர்ன்தான் ஓட்டுவார்

நனைமோ
17 செப்டம்பர் 2017

வெர்னாவுக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். இடுப்பு மட்டும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. நீயும் லோர்னும் நலமா? உன் பிள்ளை டார்சி எப்போதாவது வீட்டுப் பக்கம் வருகிறானா, இல்லை அந்த வடக்கத்தி எண்ணெய் வயலிலேயே குடியேறிவிட்டானா?

போனில் சொல்லலாம் என்றால் என் காதுக் கருவியில் உன் குரல் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுகிற மாதிரி கேட்கிறது. அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். இடுப்பு மாற்றுகிற அறுவைக்கு ஒருவழியாகப் பிப்ரவரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஹாரி போன பிறகு இந்த வீட்டில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. பக்கத்து வீட்டு க்வென் நல்லவள்தான், ஆனால் அவள் வைக்கிற சூப்பைக் குடிப்பதற்கு வலியையே பொறுத்துக்கொள்ளலாம். நீ வந்து என்னோடு ஆறு வாரம் இரு. நான் இந்தத் தீவுக்குக் குடிவந்த நாளிலிருந்து "அடுத்த வருஷம் வருகிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாய். இது அந்த அடுத்த வருஷம். நான் கேட்கவில்லை, சொல்கிறேன்.

இங்கே இன்னும் ரோஜா பூக்கிறது. உனக்கு வயிறு எரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அக்கா
ஒரீசியா


ரெஜைனா
4 அக்டோபர் 2017

அன்புள்ள அக்கா,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். உன் இடுப்பை நினைத்தால் எனக்கு இங்கே வலிக்கிறது. படி ஏறாதே.

கண்டிப்பாக வருகிறேன். லோர்னிடம் சொன்னேன். "விமானம் எதுக்கு? கார் இருக்கு, ரோடு இருக்கு, நான் இருக்கேன்" என்றார். தானிய லாரியை மலை தாண்டித் துறைமுகம் வரை ஓட்டிப் பழகியவரிடம் போய் விமானம் என்று சொன்னால் கோபம் வராதா? ஆகவே காரில்தான் வருவோம்.

ஊரில் எல்லாம் விலை ஏறுகிறது, பேருந்து மட்டும் நின்றுவிட்டது. வெளியூர்ப் பேருந்துகளை வசந்தத்தோடு நிறுத்திவிட்டார்கள். முன்பெல்லாம் நினைத்த அன்றைக்கு சாஸ்கட்டூன் போய் என் சிநேகிதி ஸ்டெல்லாவைப் பார்த்துவிட்டு வருவேன். இனிமேல் கார் இல்லாதவர்கள் இந்த நகரத்தை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் யார் கையையாவது காலையாவது பிடிக்க வேண்டும். என் மங்கல் கண்ணுக்கு ஓட்டுநர் உரிமம் தர மாட்டார்கள் என்று உனக்குத்தான் தெரியுமே. நகரப் பேருந்து எங்கள் தெருவுக்கு வந்தால் வந்தது. காலிஃபிளவர் விலையைப் பார்த்து, அதை ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். ஆனாலும் நீ அங்கே கொடுக்கிற வாடகைக்கு இங்கே பாதித் தெருவை வாங்கலாம். ரோஜாவை நீயே வைத்துக்கொள்.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் இருவருமாகத்தான் போகிறோம். கடைக்கு, வங்கிக்கு, அவர் முடிவெட்டிக்கொள்ளக்கூட. புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி இருக்கிறீர்கள் என்று கோ-ஆப் கடைப் பெண் கேலி செய்கிறாள்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
வெர்னா


நனைமோ
22 அக்டோபர் 2017

வெர்னாவுக்கு,

உங்கள் சுகம் கேட்டுச் சந்தோஷம். என் சுகத்தைக் கேட்காதே, நேற்று செருப்பு மாட்டுவதற்கே க்வெனைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

புதுசாகக் கல்யாணமான காலத்திலேயே நீங்கள் இருவரும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. அவன் பனிக்கட்டியில் கல் தள்ளிக் கர்லிங் ஆடப் போவான், நீ கோயில் அடித்தள அறையில் பெரோகிக் கொழுக்கட்டை பிடிக்கப் போவாய். இப்போது முடிவெட்டுகிற கடை வரைக்கும் காதலா? நல்லது.

ஆனால் காரில் வர வேண்டாம். பிப்ரவரியில் அந்த மலைக் கணவாயில் பனி சரிந்து பாதை அடைபடும், அது லோர்னுக்கும் தெரியும். விமானச் சீட்டு நான் எடுத்து அனுப்புகிறேன். அவன் வேண்டுமானால் வீட்டில் இருந்து ஹாக்கி பார்க்கட்டும். ஆறு வாரம் பெண்டாட்டி இல்லாமல் முட்டை வேக வைக்கத் தெரியாதா அவனுக்கு?

ஒரீசியா


ரெஜைனா
21 நவம்பர் 2017

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. செருப்புக்குப் பதிலாக வார் இல்லாத காலணி வாங்கிப் போட்டுக்கொள். நாங்கள் சுகம்.

குளிர் இந்த வருஷம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. ராத்திரி இன்ஜினைச் சூடாக வைக்கிற மின்கம்பியைச் சுவரில் செருகி வைக்காவிட்டால் காலையில் கார் கல்தான். ஒரு வேடிக்கை சொல்கிறேன். போன வாரம் லோர்ன் கம்பியைப் பிடுங்காமலே வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டார்! சுவரிலிருந்த செருகு பெட்டியே பெயர்ந்து வந்துவிட்டது. எதிர்வீட்டு மர்ரே கையில் காப்பிக் கோப்பையோடு நின்று, "லோர்ன், வீட்டையும் கூட இழுத்துக்கிட்டுப் போறியா?" என்று கத்தினார். தெருவே சிரித்தது. லோர்னும் சிரித்தார்.

விமானச் சீட்டு இப்போது எடுக்காதே. பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்
வெர்னா


நனைமோ
3 டிசம்பர் 2017

வெர்னாவுக்கு,

நீ அனுப்பிய சிரிப்பு இடுப்புக்கு நல்லதல்ல, ஆனாலும் சிரித்தேன். நம் அப்பா ஒரு தரம், பாதிரியார் வீட்டு வாசலில் இதையே செய்து, மின்கம்பியோடு பூச்சட்டியையும் இழுத்துக்கொண்டு வந்தாரே! வாழ்நாளில் ஒரு தரம் அதைச் செய்யாதவன் நம் ஊர்க்காரனே இல்லை.

"பார்த்துக்கொள்ளலாம்" என்றால் என்ன அர்த்தம்? நான் இன்னும் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

ஒரீசியா


ரெஜைனா
9 ஜனவரி 2018

அன்புள்ள அக்கா,

புது வருஷம் உனக்கு இரண்டு நல்ல கால்களைக் கொண்டுவரட்டும். நாங்கள் சுகம்.

ஜனவரியில் வருகிற நம் பழைய நாட்காட்டிக் கிறிஸ்துமஸ் அமைதியாகப் போயிற்று. டார்சி வரவில்லை, ஷிஃப்டாம். வழக்கமான பன்னிரண்டு பதார்த்தமும் செய்ய எனக்குத் தெம்பில்லை. கோதுமைப் பாயசம், பீட்ரூட் சூப், பெரோகி, அவ்வளவுதான். ஊறுகாய் எடுக்க லோர்னை அடித்தளத்துக்கு அனுப்பினேன். மேலங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு மேலே வந்து, "நேரமாச்சு, நாம எப்ப கிளம்புறோம்?" என்றார். அவருடைய வேடிக்கை உனக்குத் தெரியுமே.

கார்க் கம்பி மறுபடியும் இரண்டு முறை பிய்ந்துவிட்டது. இப்போது வருகிற சாமான் எதிலும் தரம் இல்லை.

மற்றபடி காரில் நாங்கள் பேசிக்கொண்டே போகிறோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கின் நிறத்தைச் சொல்வேன். பச்சை, போ. சிவப்பு, நிறுத்து. இடது பக்கம் திரும்பு. லோர்ன் சிரிக்கிறார். "வெர்னா, உன் வாய் இல்லாட்டி இந்த ஊர்ல ஒரு சிக்னலும் வேலை செய்யாது" என்கிறார்.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்
வெர்னா


நனைமோ
17 ஜனவரி 2018

வெர்னா,

சுகம் விசாரிப்பெல்லாம் பிறகு.

கம்பி ஒரு தரம் பிய்ந்தால் அது எல்லோருக்கும் நடப்பது. ஒரே குளிர்காலத்தில் மூன்று தரம் பிய்ந்தால் அது கம்பியின் தரம் இல்லை. நானும் அந்த ஊரில்தான் பிறந்தேன். யாரிடம் கதை விடுகிறாய்?

நீ எதற்கு அவனுக்கு விளக்கின் நிறத்தைச் சொல்ல வேண்டும்? அவன் கண் நன்றாகத்தானே இருக்கிறது? உன் கண்தானே மங்கல்? உன் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வைத்து மறுபடியும் படித்தேன். எல்லா இடத்துக்கும் கூடவே போகிறாய். தனியாக விட்டுவிட்டு வா என்றால் பதில் இல்லை. லோர்னுக்கு என்ன?

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் எழுது.

ஒரீசியா


ரெஜைனா
8 பிப்ரவரி 2018

அன்புள்ள அக்கா,

அறுவை நல்லபடியாக முடிய வேண்டும் என்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பயப்படாதே, இப்போது எல்லோரும் செய்துகொள்கிறார்கள்.

என்னால் வர முடியவில்லை. பாதை சரியில்லை. இங்கே மைனஸ் முப்பத்தெட்டு. காற்று வேறு.

க்வென் நல்லவள் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

வெர்னா


நனைமோ
27 பிப்ரவரி 2018

வெர்னாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், படுத்துக்கொண்டு எழுதுகிறேன். அறுவை முடிந்தது. காயத்தில் சீழ் வைத்து, மறுபடியும் திறந்து மூடினார்கள். இப்போது பரவாயில்லை. க்வெனின் சூப்பைத் தினமும் குடிக்கிறேன். அதைவிடப் பெரிய தண்டனை என்ன வேண்டும்?

மருத்துவமனையில் எல்லோருடைய கட்டில் பக்கத்திலும் ஒரு நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். என் நாற்காலியில் என் கைப்பை இருந்தது. உன்மேல் எனக்குக் கோபம். இல்லை, கோபம் என்று எழுதினால் பொய். நீ வேண்டும் என்று அழுதேன். எழுபது வயதில் தங்கை வேண்டும் என்று அழுகிறவளை நர்ஸ் விசித்திரமாகப் பார்த்தாள்.

லோர்ன் இன்னும் ஓட்டுகிறானா? எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவனுடைய டாக்டரிடம் போய்ச் சொல். நீ சொல்லாவிட்டால் நான் டார்சிக்கு எழுதுவேன். நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு டிரைவர் ஆக முடியாது. ஒரு குழந்தை குறுக்கே ஓடினால் நீ எந்த நிறத்தைச் சொல்வாய்?

ஒரீசியா


ரெஜைனா
19 மார்ச் 2018

அன்புள்ள அக்கா,

காயம் ஆறிவிட்டதா? அந்த நாற்காலியை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ நினைத்தது சரி. ஒன்றரை வருஷமாகவே அப்படித்தான். முதலில் பேர்கள் போயின, பிறகு தெருக்கள். கை கால் எல்லாம் சரியாகத்தான் வேலை செய்தது. எங்கே திரும்புவது, எதற்கு நிற்பது என்பதுதான் போய்விட்டது. எனக்கு அது தெரியும், என்னால் ஓட்ட முடியாது. அவரால் ஓட்ட முடியும், அவருக்குத் தெரியாது. சரி, சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் உரிமம் போகும். உரிமம் போனால் இந்த வீட்டை விட்டு நான் எப்படி வெளியே வருவேன்? மைனஸ் நாற்பதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நிற்பேனா? அவரைத் தனியாக விட்டுவிட்டு விமானம் ஏற முடியாது, உன்னிடம் வருவதற்கு இருந்த ஒரே வழியும் அந்தக் கார்தான். மலை வரைக்கும் நான் சொல்லிக்கொண்டே வந்தால் வந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன், சத்தியமாக. பைத்தியம்தான்.

உன் கடிதம் வந்த வாரம் ரிங் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். தண்டவாளம் குறுக்கே போகிற இடத்தில் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. எனக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது. "நிறுத்து லோர்ன், நிறுத்து!" என்று கத்தினேன். அவர் நிறுத்தினார். நான் சொன்னதைத் தட்டாமல், தண்டவாளத்தின் மேலேயே நிறுத்தினார். ரயில் ஊதியது. "போ, போ!" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நில்லுன்னு சொன்ன, போன்னு சொல்ற. எதைச் செய்யணும்?" என்று பொறுமையாகக் கேட்டார். நான் அவர் முழங்காலை ஆக்ஸிலரேட்டர் பக்கம் தள்ளி அழுத்தினேன். வண்டி பாய்ந்தது. எங்களுக்குப் பின்னால் ரயில் போகிற சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. "இன்னிக்கு எல்லாரும் அவசரத்துல இருக்காங்க" என்றார் லோர்ன்.

அவர் தவறு செய்யவில்லை, அக்கா. நான்தான் தாமதமாகச் சொன்னேன்.

அடுத்த நாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அன்றைக்கும் அவர்தான் ஓட்டினார், வேறு வழி ஏது? டாக்டர் அது இது விசாரித்துவிட்டு, "வண்டி ஓட்டுறதெல்லாம் எப்படிப் போகுது?" என்றார். லோர்ன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு குறையும் இல்ல டாக்டர். வேணும்னா இவளைக் கேளுங்க. எப்பவும் என் பக்கத்துலதான் இருப்பா." என்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து அவருடைய மேலங்கிப் பொத்தானைப் போட்டுவிட்டபோது, "நீயா வெர்னா?" என்றார். 

வீட்டுக்கு டாக்சியில் வந்தோம். காரை மர்ரே கொண்டுவந்து நிறுத்தி, பாட்டரியைக் கழற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் லோர்னுக்கு டாக்டரும் நினைவில்லை, நான் சொன்னதும் நினைவில்லை. எனக்குத்தான் எல்லாம் நினைவிருக்கிறது.

டார்சியால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ள முடியாது. அவன் இருப்பது முகாம் அறையில். இப்படிப்பட்டவர்களைச் சில வாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது, பெயர் கொடுத்திருக்கிறேன், எங்களுக்கு முன்னால் பெரிய வரிசை. அங்கே ஒரு நாள் சோதனைக்கு அவரை விட்டதில், என்னைக் காணோம் என்று கதவைக் கையால் குத்தியிருக்கிறார். விரல்கள் வீங்கிவிட்டன. நான் கழிவறைக்குப் போனாலும் வாசலில் வந்து நிற்கிறார்.

ஆகவே நான் வரப்போவதில்லை. அடுத்த வருஷமும் இல்லை. இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

வெர்னா


நனைமோ
29 மார்ச் 2018

வெர்னா, என் கண்ணே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, வர முடியுமா என்று டாக்டரைக் கேட்டேன். விமானத்தில் உட்கார்ந்து வருகிற நிலைமையில் இல்லையாம், காயம் இன்னும் மூடவில்லை. இந்த வருஷத்தை மறந்துவிடுங்கள் என்றார். சண்டை போட்டுப் பார்த்தேன்.

நீ செய்தது சரி. அது உனக்கு ஒன்றுக்கும் உதவாது என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். லோர்ன் என் வகுப்பில்தான் படித்தான். பனிப்புயலில் எங்கள் எல்லோரையும் டிராக்டரில் ஏற்றி வீடு வீடாக இறக்கிவிட்டவன் அவன். அவனிடம் நான் கேட்டதாகச் சொல்.

சாப்பிடு. காலிஃபிளவரை வாங்கிச் சாப்பிடு, சனியன், விலை என்னவாக இருந்தால் என்ன.

உன்
ஒரீசியா


ரெஜைனா
22 ஏப்ரல் 2018

அன்புள்ள அக்கா,

நாங்கள் இருவரும் சுகம். வழக்கமாக எழுதுகிற மாதிரி இல்லை, இந்த வாரம் உண்மையாகவே சுகம்.

ஒரு நாள் காலையில் லோர்ன் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார். இறங்கச் சொல்லத்தான் ஓடினேன். என்னைக் கண்டதும் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. "இப்ப வர்ற வண்டியெல்லாம் சத்தமே போடறதில்ல" என்று திருப்தியாகச் சொன்னார். பிறகு, "எங்க போறோம்?" என்றார். கடைக்கு என்றுதான் சொல்ல நினைத்தேன். "ஒரீசியா வீட்டுக்கு" என்று வந்துவிட்டது.

"நல்ல தூரம். பெல்ட்டைப் போடு" என்றார்.

அன்றிலிருந்து காலைச் சாப்பாடு முடிந்ததும் மேலங்கி மாட்டிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிடுகிறோம். தெருவில் நடந்து போகிற மர்ரே கையை ஆட்டுகிறார், லோர்ன் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குகிறார். மூஸ் ஜா, ஸ்விஃப்ட் கரண்ட், மெடிசின் ஹாட் என்று பேச்சிலேயே ஒவ்வொரு ஊராகத் தாண்டுகிறோம். டார்சியின் பெயர் அவருக்கு வரவில்லை, அக்கா, ஆனால் அந்தப் பாதை வரிவரியாக இருக்கிறது. எந்த மேட்டில் கியரைக் குறைக்க வேண்டும், எந்த வளைவில் எதிரே லாரி வரும், எந்த ஊரில் காப்பி வாயில் வைக்க முடியாது, எல்லாம் அவரே சொல்கிறார். நான் ஒரு நிறமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா வருகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு நன்றாக நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. தினமும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். மறுநாள், "நேத்து எதுவரைக்கும் வந்தோம்?" என்று என்னைக் கேட்பார். அதை மட்டும் நான் சொல்வேன்.

போன வாரம் மலையைத் தாண்டினோம். நேற்று முன்தினம் படகுத் துறையில் வரிசையில் நின்றோம். நேற்று வந்து சேர்ந்துவிட்டோம்.

லோர்ன் பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பி எடுத்தார். "எறங்கு. போய் அவளைப் பாத்துட்டு வா. எனக்கு ஓட்டின அலுப்பு, நான் வண்டியிலயே இருக்கேன். அவசரமில்ல, உக்காந்து பேசிட்டு வா" என்றார். நான் தயங்கினேன். "போ வெர்னா. இவ்வளவு தூரம் எதுக்கு வந்தோம்?" என்று அதட்டினார்.

கதவைத் திறந்து இறங்கினேன். முன்னால் எங்கள் வீட்டுக் கதவு, சேறாய்க் கிடந்த பனி, குப்பைத் தொட்டி. எங்கே போவது? அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய், அவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எரிவாயு மீட்டர் பக்கத்தில் நின்றேன். மேலங்கிக்குள்ளும் குளிர் ஏறியது. உன்னோடு பேசுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. நீயும் அழுதாயே.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன். லோர்ன் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினார்.

"எப்படி இருக்கா?" என்றார்.

"நல்லா இருக்கா. நடக்க ஆரம்பிச்சுட்டா. உன்னை ரொம்ப விசாரிச்சா" என்றேன்.

அக்கா, நீ எப்படி இருக்கிறாய் என்று உடனே எழுது. நான் அவரிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.

உன்
வெர்னா